இழுத்துப் பார்த்தவன்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவள் வேதவல்லி. அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள் சார். எங்கள் ஊர் கிளை நூலகத்தின் நூலகர். அதற்குப் பிறகு ரூபன் என்று ஒருவன், மாவட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அவனை இரண்டாவதாக எழுதுங்கள். வரிசை மாறக் கூடாது.

என் பெயர் எத்திராஜ். வயது அறுபத்தாறு. நூலகத்தில் வாட்ச்மேன். வாட்ச்மேனாக இருந்தேன் என்று எழுத வேண்டுமோ என்னவோ. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. சாவிக் கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சாவி இல்லாத வாட்ச்மேனுக்கு என்ன பெயரோ அதை எழுதுங்கள்.

அவள் இவள் என்று சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். நேரில் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவளும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மனுவில் எப்படிப் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு எழுதியிருப்பீர்கள். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன், கையெழுத்து போடுவேன், அவ்வளவுதான்.

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். நூலகத்துக்கு வருவதற்கு முன்னால் அரிசி மில் கோடவுனில் பத்தொன்பது வருஷம் வாட்ச்மேன் வேலை. அங்கே ஒரு பொங்கலுக்கு மேனேஜரே தன் கையால் பூட்டினார். மேனேஜர் பூட்டியதை நான் இழுத்துப் பார்ப்பதா என்று விட்டுவிட்டேன். பூட்டு பிடிக்கவில்லை. காலையில் நாற்பது மூட்டை இல்லை. ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள், யார் பூட்டியது என்று மேனேஜரை ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து சாமியே வந்து பூட்டியிருந்தாலும் நான் இழுத்துப் பார்ப்பேன். ஷட்டருக்கு மூன்று தடவை. பீரோவுக்கு மூன்று தடவை. கக்கூஸ் கதவுக்குக்கூட. இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

இதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள் சார். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டும்.

போன வருஷம் ஆடி மாதம் நூலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஊர் ஜனங்கள் எல்லோருக்கும் பொது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பார்க்கலாம், பெரியவர்கள் பட்டா சிட்டா பார்க்கலாம். ஆனால் ஒரே பெட்டிக்குள்ளே இரண்டு வாசல். வாசகர்களுக்கு ஒன்று, வேதவல்லிக்கு ஒன்று. வாசகர் வாசலில் போனால் பார்க்கலாம், படிக்கலாம், எதையும் சேர்த்து வைக்க முடியாது. எழுந்து போனதும் எல்லாம் அழிந்துபோகும். பிரின்ட் எடுப்பது, சர்டிபிகேட்டைப் படம் பிடித்து உள்ளே போடுவது, இதெல்லாம் வேதவல்லியின் வாசலில் மட்டும்தான்.

வாசகர்களுக்கு உள்ளே போகிற வார்த்தையைச் சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்தாள். ஐந்தாவது படிக்கிற பையனுக்குக்கூட ஒரு அட்டை. நானும் போய் நின்றேன். "உங்களுக்கு எதுக்குண்ணா, நீங்க என்ன பண்ணப் போறீங்க" என்று சிரித்துக்கொண்டே அட்டைக் கட்டை மேசைக்குள்ளே போட்டாள். கட்டிடத்துக்கே சாவி வைத்திருக்கிறவன் நான். ஒரு பெட்டிக்கு வார்த்தை இல்லையாம். அதுதான் முதல் கெடுதல். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

சாயங்காலம் ஏழரைக்கு அவள் கிளம்புவாள். கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது, ராத்திரி ஆபீஸிலிருந்து ஏதோ ஏற்றுவார்கள் என்று சொல்லியிருந்தாள். முதல் நாள் நானே கேட்டேன், அப்படியென்றால் திறந்து கிடக்குமே மேடம் என்று. "பூட்டிட்டேண்ணா. என் வார்த்தை தெரியாம யாரும் உள்ள போக முடியாது" என்றாள். சரி, பூட்டிவிட்டாள். மேனேஜரும்தான் பூட்டினார்.

அவள் போன பிறகு ஷட்டரை இழுத்தேன், பீரோவை இழுத்தேன், இந்தப் பெட்டி முன்னால் வந்து நின்றேன். இதை எப்படி இழுப்பது? திரையில் அவள் பெயர் இருந்தது, கீழே ஒரு கட்டம். கைக்கு வந்த நாலு எழுத்தைத் தட்டிப் பெரிய பட்டனை அழுத்தினேன். சிவப்பில் இங்கிலீஷ் வரி ஒன்று வந்தது. உள்ளே விடவில்லை. நல்ல பூட்டு. மறுபடி தட்டினேன், மறுபடி சிவப்பு. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது தடவை சிவப்பு எழுத்து நீளமாக வந்தது, இரண்டு வரிக்கு. ரெட்டைப் பூட்டு விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். கோடவுன் கதவிலும் அப்படித்தான், கடைசி இழுப்பில் உள்ளே ஒரு நாக்கு விழும். அந்த நீள வரி வந்த பிறகுதான் என் மனசு அடங்கும். அன்றிலிருந்து தினம் அந்த நீள வரி வருகிற வரைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.

மறுநாள் காலை வேதவல்லிக்குக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

அவள் வார்த்தையை அவளே போட்டும் உள்ளே விடவில்லை. ரூபனுக்குப் போன் போட்டாள். அவன் அங்கிருந்தே எதையோ தட்டித் திறந்துவிட்டான். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். காலையில் நான் கூட்டிப் பெருக்கும்போது அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். எனக்கே பாவமாக இருக்கும்.

யாரோ பகலில் அவள் வாசலில் கை வைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. பரீட்சைப் பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டாள். பேப்பர் படிக்க வருகிற தட்சணாமூர்த்தி வாத்தியாரை, அவர் மேசைக்குப் பக்கத்தில் உட்காருகிறார் என்பதற்காக, ஜன்னல் ஓரம் மாறி உட்காரச் சொன்னாள். அவர் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் வரவில்லை. வார்த்தையை மாற்றினாள். ரூபன் வந்து எழுத்துப் பலகையை மாற்றினான், ஒயரை மாற்றினான், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டான். அன்றைக்குச் சாயங்காலம் நான் சும்மா இருப்பேனா? திருடன் ஒருவன் சுற்றுகிறான் என்று தெரிந்த பிறகு வாட்ச்மேன் கண்ணை மூடிக்கொள்வானா? ஐந்துக்குப் பத்தாக இழுத்துப் பார்த்தேன். நீள வரி ஒழுங்காக விழுந்தது.

காலையில் மறுபடி அதே கதை. ரூபன் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

கார்த்திகையில் என் அக்கா பேரனுக்குக் காது குத்து. மூன்று நாள் லீவு போட்டுப் போய்வந்தேன். வந்ததும் வேதவல்லி சொன்னாள், "நீங்க இல்லாத மூணு நாளும் ஒண்ணுமே ஆகலண்ணா. காலையில சட்டுனு திறந்துச்சி." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் சார்? நான்தான் திருடன் என்று அர்த்தம். நான் யோசித்துப் பார்த்தேன். நான் இல்லாதபோது ஒன்றும் ஆகவில்லை, நான் இருக்கும்போது ஆகிறது. அப்படியென்றால் எவனோ என்னை மாட்டிவிடுவதற்காகவே செய்கிறான். வாத்தியாராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இப்போதும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. ஆனால் அவர் பெயரை எழுத வேண்டாம். வயசானவர்.

இனிமேல்தான் விஷயம்.

எனக்கு ஒரே பெண். சுகந்தி. அவளுக்கு அம்மா இல்லை. ஜவுளிக்கடையில் வேலை, காலை பத்திலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் நிற்க வேண்டும். கடை லீவு நாளிலும், வேலைக்குப் போகிறதுக்கு முன்னாலும் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பாள். சர்க்கார் பரீட்சை. இரண்டு தடவை எழுதி விளிம்பில் போய்விட்டது. இந்தத் தடவைதான் கடைசி. வயது வரம்பு முடிகிறது. அடுத்த தடவை அறிவிப்பு வந்தால் அவள் விண்ணப்பமே போட முடியாது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் எல்லாம், இந்தப் பரீட்சை முடியட்டும் என்று சொல்லிச் சொல்லி நாள் போய்விட்டது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதற்குப் பிறகு அவளுக்கு அந்தக் கடைதான்.

அவள் சாதிச் சான்றிதழில் என் பெயர் தப்பாக இருந்தது. தாலுகா ஆபீஸில் திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதிக்கு முதல் நாள் ஆகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடி வந்தாள். வேதவல்லி, உள்ளதைச் சொல்ல வேண்டும், கூடவே உட்கார்ந்து எல்லாச் சான்றிதழையும் படம் பிடித்துத் தன் வாசலில் போட்டுவைத்தாள். விண்ணப்பத்தையும் நிரப்பினார்கள். கடைசியாக அனுப்புகிற நேரத்தில் நெட் போய்விட்டது. ஏழரை வரைக்கும் பார்த்தார்கள், வரவில்லை.

"நாளைக்குக் காலையில வா சுகந்தி. எல்லாம் உள்ள ரெடியா இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் வேதவல்லி.

சுகந்தி என்னிடம் வந்து, "அப்பா, இன்னிக்கு மட்டும் யாரும் அதுகிட்ட போகாம பாத்துக்கோ" என்றாள். ஒன்றும் கேட்காத பெண் சார் அது. என்னிடம் அவள் கேட்ட ஒன்று அது.

நான் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்த மாதிரி என் ஆயுளில் எந்தப் பூட்டையும் பார்த்ததில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். என் மகளுடைய சான்றிதழ் எல்லாம் அதற்குள்ளே இருக்கிறது. இழுத்தேன். நீள வரி வந்தது. வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. இருபது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் நீள வரி. உள்ளே ஈ எறும்பு போக முடியாது என்று தெரிந்த பிறகுதான் எழுந்தேன். வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன், நீ நிம்மதியாகத் தூங்கு, நான் நல்லா இழுத்துப் பார்த்துட்டேன் என்று. ஷட்டரைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். தூங்கினாள்.

காலையில் திறக்கவில்லை.

வேதவல்லி போட்டாள், சிவப்பு. மறுபடி போட்டாள், சிவப்பு. ரூபனுக்குப் போன். ரூபனுக்கு அன்றைக்குத் தங்கை நிச்சயதார்த்தம், போன் எடுக்கவில்லை. அலுவலகத்தில் வேறு ஒருவர் எடுத்தார். எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், அரை மணி ஆகும் என்றார். அரை மணி கழித்துப் போட்டால் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். சுகந்தி வாசகர் வாசல் வழியாகப் போய்ப் பார்த்தாள். அது திறந்தது. திறந்து என்ன? அங்கே அவளுடைய சான்றிதழ் ஒன்றும் இல்லை. படம் பிடிக்கிற மெஷினை அழுத்தினால் அனுமதி இல்லை என்கிறது. அதே பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது, பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கிறது, எடுக்க முடியவில்லை.

நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவாக இருந்தால் கடப்பாரை போட்டு நெம்பியிருப்பேன். அதை என்ன செய்வது? கையை எங்கே வைப்பது?

பன்னிரண்டு மணி வரைக்கும் நின்றோம். பிறகு சுகந்தி சான்றிதழ்க் கவரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். கடைசி நாள், நாற்பது ஐம்பது பேர் நிற்கிறார்கள். உள்ளே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருத்தருக்கு இருபது நிமிஷம், அரை மணி. எங்கள் ஊரில் வேறு சென்டர் இல்லை. முன்னால் நின்ற ஒரு பையனிடம் நான் கையைப் பிடித்துக் கேட்டேன், எங்களை முன்னால் விடு தம்பி, இதுக்குக் கடைசி வருஷம் என்று. "எனக்கும் இதான் அய்யா கடைசி வருஷம்" என்றான். அதற்கு மேல் என்ன கேட்பது? ஐந்தே முக்காலோடு விண்ணப்பம் வாங்குவது முடிந்துவிட்டது என்று உள்ளேயிருந்து ஒருவன் வந்து சொன்னான். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள்.

சுகந்தி அழவில்லை. மணி என்னப்பா என்று கேட்டாள். சொன்னேன். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கு, கடைக்குப் போனா அரை நாள் சம்பளமாவது நிக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் நடந்து போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எட்டு நாள் கழித்து ரூபன் வந்தான். இந்தத் தடவை ஒரு காகிதம் கொண்டுவந்தான். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பூட்டு விழுந்தது என்று மெஷினே எழுதி வைத்திருக்குமாம். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஏழு முப்பத்தைந்திலிருந்து ஏழு ஐம்பதுக்குள். காது குத்துக்குப் போன மூன்று நாளும், நூலகத்துக்கு லீவான வெள்ளிக்கிழமைகளும் காகிதத்தில் இல்லை. அந்த நேரத்தில் இங்கே யார் இருப்பார்கள் என்று கேட்டான். அவன் கேட்கும்போது பக்கத்தில் வாத்தியார் இருந்தார், வேதவல்லி இருந்தாள், புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த சுகந்தியும் இருந்தாள்.

நான்தான் இருப்பேன் என்றேன். யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். திருடன் சொல்வானா? என்ன செய்வீங்க பெரியவரே என்றான். இழுத்துப் பார்ப்பேன் என்றேன். எப்படி, காட்டுங்க என்றான். உட்கார்ந்து காட்டினேன். நாலு எழுத்து, பெரிய பட்டன். நாலு எழுத்து, பெரிய பட்டன். ஐந்தாவதில் நீள வரி வந்தது. பாத்தியா, புடிச்சிகிச்சி என்றேன்.

ரூபன் சிரித்துவிட்டான். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பிறகு விளக்கினான். ஐந்து தடவை தப்பு வார்த்தை போட்டால், எவனோ திருட வந்திருக்கிறான் என்று நினைத்து மெஷின் சொந்தக்காரரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுமாம். ஆபீஸில் இருந்து திறந்துவிட்டால்தான் திறக்குமாம்.

நான் கேட்டேன், சார், இதை மனுவில் அப்படியே எழுத வேண்டும். நான் கேட்டேன், இழுத்துப் பார்க்கிற வாட்ச்மேனையும் திருடனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பூட்டு என்ன பூட்டு? வந்த அன்றைக்கே, எத்திராஜ், இதை இழுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்ல இவர்களுக்கு வாய் இல்லையா? ஐந்தாவது படிக்கிற பையனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களே, எனக்கு ஏன் சொல்லவில்லை? வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது சுகந்தி பக்கத்தில் வந்தாள். "இன்னொரு தடவை காட்டுப்பா" என்றாள்.

அவளாவது கேட்டாளே என்று காட்டினேன். நாலு எழுத்து, பெரிய பட்டன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீள வரி வந்தது. அதை அவள் வாசித்தாள், வாய்க்குள்ளே. எனக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதுவரைக்கும் தெரியாது, யாரையும் கேட்டதும் இல்லை.

"அன்னிக்கு எத்தனை தடவைப்பா?"

இருபது இருக்கும் என்றேன். உனக்காகத்தான் என்றேன்.

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலமே வேதவல்லி வந்து, சாவியைக் கொடுங்கண்ணா, கொஞ்ச நாள் நானே பூட்டிக்கிறேன் என்று கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். அவள் பூட்டுகிறாள், யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

சுகந்தி மூன்று மாதமாக என்னிடம் பேசுவதில்லை. கோபமாக இல்லை சார். சோறு போடுவாள், துணி துவைப்பாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வந்து வைப்பாள். பேச்சு மட்டும் இல்லை. வேதவல்லி மேல் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். வேறு என்ன இருக்க முடியும்?

ஏன் சார் பேனாவை நிறுத்திவிட்டீர்கள்?

இழுத்துப் பார்த்ததை எழுத வேண்டாமா? எழுதினால் மனு என் மேலேயே திரும்பும் என்கிறீர்களா? அது எப்படி? நான் என் வேலையைச் செய்தேன் என்பதற்கு அது ஒன்றுதானே சாட்சி. தேதி, மணி எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டால் என் பக்கம் என்ன இருக்கிறது? எழுதுங்கள்.

கோரிக்கை என்று ஒரு வரி வேண்டுமா? சாவிக் கொத்து வேண்டும் என்று போடாதீர்கள். வேலையும் வேண்டாம். போன வருஷத்தைத் திருப்பிக் கொடு என்று கலெக்டரிடம் கேட்க முடியாது, அது எனக்கும் தெரியும். வேதவல்லி என் வீட்டுக்கு வர வேண்டும். சுகந்தி இருக்கிற நேரமாக வர வேண்டும். உங்க அப்பா மேல தப்பு இல்லை, நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று அவள் காதுபடச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வர வேண்டியது. போன மாதம் நானே போய்க் கேட்டேன். வேதவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் எத்தனை தடவை வேணா வந்து சொல்றேண்ணா. சொன்னா அவ பேசிடுவாளா?" என்று கேட்டாள். அது உங்களுக்கு எதற்கு மேடம், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றாள். இதுவரைக்கும் வரவில்லை.

இன்று காலையில் கிளம்பும்போது சுகந்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறேன் என்றேன். யார் மேல் என்றுகூட அவள் கேட்கவில்லை.

எழுதுங்கள் சார்.